ஆறு மாதக் கணக்கு இந்நோய்க்குப் பொருந்தாது

காசநோய் சாராத மைக்கோபாக்டீரியாக்களால் நுரையீரல் பாதிக்கப்பட்டவர்களும் அவர்களை அழைத்து வரும் குடும்பத்தாரும், நோயின் பெயரைக் கேட்டறிந்தவுடன் மருத்துவரிடம் எழுப்பும் முதற்கேள்வி பெரும்பாலும் ஒன்றே: “மாத்திரை எத்தனை மாசங்க சாப்பிடணும்?” கேள்வி நியாயமானதே. திருப்பூரில் வாழ்க்கை வாரக் கணக்கில் நடக்கிறது. சனிக்கிழமை கையில் வரும் கூலியைக் கொண்டே வாடகையும் மளிகையும் சீட்டுப் பணமும் தீர்மானமாகின்றன. எந்தச் செலவுக்கும் எந்தச் சிரமத்திற்கும் ஒரு முடிவுநாள் தெரிந்தால்தான் குடும்பம் அதைத் தாங்கிக்கொள்ளத் திட்டமிட முடியும்.

ஆனால், இக்கேள்வியைக் கேட்பவர்களுடைய மனத்தில் ஏற்கெனவே ஒரு விடை இருக்கிறது. மருந்துக்குக் கட்டுப்படும் காசநோய்க்கு ஆறு மாதம் என்பது ஊரறிந்த கணக்கு. அதே கணக்கை என்.டி.எம். என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்நோய்க்கும் பொருத்திப் பார்க்கிறார்கள். அந்த அளவுகோல் இங்கே பொருந்தாது. அதைப் பற்றிக்கொண்டிருப்பது நோயாளருக்குத் தீங்காகவே முடிகிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து. இந்நோயை மாதங்களாக அல்லாமல் ஆண்டுகளாகக் காணப் பழக வேண்டும். அந்த ஆண்டுகளைத் தீர்மானிப்பதில் மாத்திரைக்கு எவ்வளவு பங்குண்டோ, உடல் எடைக்கும் சளி வெளியேற்றத்திற்கும் இடையறாத கண்காணிப்புக்கும் அவ்வளவு பங்குண்டு. அக்கண்காணிப்பு நோயாளர் ஒருவரின் தலைமேல் மட்டும் சுமத்தப்படக் கூடாதது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

மண்ணிலும் நீரிலும் வாழும் உறவினர்

காசநோய்க் கிருமியும் தொழுநோய்க் கிருமியும் மைக்கோபாக்டீரியா என்னும் பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவை. அவ்விரண்டும் நீங்கலாக அக்குடும்பத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. அவை மண்ணிலும் நீரிலும் குழாய்களின் உட்புறம் படியும் வழவழப்பான படலத்திலும் இயல்பாக வாழ்கின்றன. குடிநீரில் வழக்கமாகக் கலக்கப்படும் குளோரினைப் பெருமளவு தாங்கும் ஆற்றலும் அவற்றுக்கு உண்டு. நாம் ஒவ்வொருவரும் அன்றாடம் அவற்றை மூச்சோடு இழுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். மிகப் பெரும்பாலோருக்கு எத்தீங்கும் நேர்வதில்லை.

தமிழ்நாட்டிற்கு இச்செய்தி புதிதன்று. 1968ஆம் ஆண்டு, அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் பி.சி.ஜி. தடுப்பூசியின் பயனை அறிய உலகின் மிகப் பெரிய ஆய்வுகளுள் ஒன்று தொடங்கப்பட்டது. இரண்டரை இலட்சத்திற்கும் மேற்பட்ட மக்கள் அதில் பங்கேற்றனர். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அத்தடுப்பூசி தடுக்கவில்லை என்று ஆய்வு காட்டியது. பின்னர் அதே பகுதியில் ஆராய்ந்தவர்கள் மண்ணிலும் நீரிலும் தூசியிலும் மக்களின் சளியிலும் இச்சுற்றுச்சூழல் மைக்கோபாக்டீரியாக்களைக் கண்டறிந்தனர். மக்கள் சிறு வயது முதலே இவற்றோடு பழகியிருந்ததும் தடுப்பூசி எதிர்பார்த்த பலனைத் தராமைக்கு ஒரு காரணமாகலாம் என்று அறிஞர் பலர் கருதினர்.

எங்கும் இருக்கும் கிருமி சிலருக்கு மட்டும் நோயாவது ஏன்? பெரும்பாலும் நுரையீரலில் ஏற்கெனவே ஒரு பழுது இருப்பதால்தான். பழைய காசநோய் விட்டுச் சென்ற குழியும் தழும்பும், பிராங்கியெக்டேசிஸ் எனப்படும் மூச்சுக்குழாய் விரிவு, புகைப்பிடித்தலால் வரும் நாட்பட்ட மூச்சடைப்பு ஆகியவை இக்கிருமி குடியேற ஏற்ற இடங்கள். பஞ்சுத் தூசியே இக்கிருமியை உண்டாக்குகிறது என்று சொல்வதற்கில்லை. எனினும், நூற்பாலையிலும் பனியன் கம்பெனியிலும் பல்லாண்டுகள் பஞ்சுத் தூசியைச் சுவாசிப்பது மூச்சுக்குழாய்களைப் புண்படுத்தும் என்பது நெடுங்காலமாக அறியப்பட்ட உண்மை. ஏற்கெனவே காசநோய் வந்து குணமான ஒருவர் அத்தகைய பணியிடத்திற்கே திரும்பும்போது, அவருடைய இருமலைச் சாதாரணமாக எண்ணிவிடக் கூடாது.

குடும்பத்தார் மனத்தில் பதிய வைக்க வேண்டிய ஒன்று உண்டு. இந்நோய் பொதுவாக ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குப் பரவுவதில்லை. காசநோய் இல்லை என்று உறுதியான பின்னர், தனித் தட்டு, தனி டம்ளர், தனி அறை எதுவும் தேவையில்லை. பேரப்பிள்ளைகளை மடியில் அமர்த்திக்கொள்ளத் தடையில்லை. லைன் வீட்டில் பொதுக் குளியலறையைப் பயன்படுத்தும் அண்டை வீட்டாருக்கும் இதனை அஞ்சாமல் எடுத்துச் சொல்லலாம்.

பெயர் தெளிவாகத் தெரிய வேண்டும்

சளியைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்க்கும்போது காசநோய்க் கிருமியும் இக்கிருமியும் ஒன்றுபோலவே தெரியும். அதனால் காசநோய் என்று எண்ணி மருந்து தொடங்கப்படுவதும், மருந்துக்கு நோய் அடங்காதபோது மருந்தை எதிர்க்கும் காசநோய் என்று ஐயுறுவதும் உலகெங்கும் நேர்கின்றன. சிபிநாட் போன்ற மரபணுச் சோதனை காசநோய்க் கிருமியை மட்டுமே தேடும். நுண்ணோக்கியில் கிருமி தெரிந்து, மரபணுச் சோதனையில் காசநோய் இல்லை என்று வந்தால், என்.டி.எம். ஆக இருக்கலாம் என்று எண்ணிக் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்புவதே முறை.

கல்ச்சரில் ஒருமுறை இக்கிருமி வளர்ந்துவிட்டதால் மட்டும் நோய் உறுதியாகிவிடாது. குழாய் நீரிலிருந்தும் அது சளிக் குப்பிக்கு வந்திருக்கலாம். அமெரிக்க, ஐரோப்பிய மருத்துவச் சங்கங்கள் 2020இல் இணைந்து வெளியிட்ட நெறிமுறை மூன்று சான்றுகளைக் கேட்கிறது: நோயின் அறிகுறிகள், எக்ஸ்ரேயிலோ சி.டி. ஸ்கேனிலோ தெரியும் மாற்றம், வெவ்வேறு நாளில் எடுத்த குறைந்தது இரண்டு சளி மாதிரிகளில் ஒரே இனக் கிருமி. மூச்சுக்குழாயைக் கழுவி எடுத்த நீரில் வளர்ந்தால் ஒருமுறையே போதும். “மறுபடியும் சளி கொடுங்கள்” என்று மருத்துவமனை கேட்பது காலம் கடத்துவதற்காக அன்று. தேவையற்ற ஓராண்டு மருந்திலிருந்து உங்களைக் காப்பதற்காகவே.

கிருமியின் இனப்பெயரையும் கேட்டறிந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வருங்காலம் அதைப் பொறுத்தே அமைகிறது. கன்சாசி என்னும் இனம் ரிஃபாம்பிசின் சேர்ந்த மருந்துக்கு நன்கு கட்டுப்படும்; மிகப் பெரும்பாலோர் குணமடைகின்றனர். ஏவியம் தொகுதியைச் சேர்ந்த கிருமிகளுக்கு முறையாக மருந்துண்டவர்களில் ஏறத்தாழ பத்தில் ஆறு பேரிடம் சிகிச்சை வெற்றி பெறுகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் கணக்கிட்டுள்ளனர். அப்செசஸ் என்னும் இனம் கடினமானது; ஊசிமருந்துகளும் தேவைப்படும்; வெற்றி பாதிக்கும் குறைவு. மூன்றையும் ஒரே பெயரால் அழைத்து, பக்கத்து வீட்டுக்காரருக்கு ஆனதே நமக்கும் ஆகும் என்று எண்ணுவது தவறான நம்பிக்கையையோ தேவையற்ற அச்சத்தையோ தரும்.

ஆண்டுகள் சொல்லும் செய்தி

நீண்டகால முடிவுகளைப் பற்றிப் பேசும்போது எண்களைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அவற்றை முழுமையாகப் படிக்க வேண்டும். ஏவியம் தொகுதிக் கிருமியால் நுரையீரல் பாதிக்கப்பட்ட 634 பேரைத் தொடர்ந்து கவனித்த ஜப்பானிய ஆய்வொன்று 2012இல் வெளியானது. அவர்களுடைய சராசரி வயது ஏறத்தாழ 69. ஐந்தாண்டுகளில் நூற்றுக்கு 24 பேர் மறைந்தனர். ஆனால் இந்நோயாலேயே மறைந்தவர்கள் நூற்றுக்கு 5 பேர் மட்டுமே. பத்தாண்டுகளில் அவ்வெண்கள் முறையே ஏறத்தாழ 46, 16. அதாவது, முதிய வயதும் உடனிருக்கும் வேறு நோய்களுமே பெரும்பாலோருடைய முடிவைத் தீர்மானித்தன. தென்கொரியாவில் 1,445 பேரைத் தொடர்ந்து, 2020இல் வெளியிடப்பட்ட ஆய்வில் ஐந்து, பத்து, பதினைந்து ஆண்டுகளில் மறைந்தவர்கள் நூற்றுக்கு முறையே 12, 24, 36 பேர்.

இவ்வெண்களிலிருந்து நான் பெறும் பாடம் இரண்டு. முதலாவது, இது உடனடியாக உயிரைப் பறிக்கும் நோய் அன்று; பெரும்பாலோர் இதனோடு பல்லாண்டுகள் வாழ்கின்றனர். இரண்டாவது, ஆறு மாதத்தில் மறந்துவிடத்தக்க நோயும் அன்று. ஐந்தாம் ஆண்டிலும் பத்தாம் ஆண்டிலும் அது தன் கணக்கைக் கேட்கிறது.

யாருக்கு இடர் மிகுதி என்பதை அறிய, கொரிய மருத்துவர்கள் 2021இல் ஐந்து அடையாளங்களைத் தொகுத்தளித்தனர்: உயரத்திற்கேற்ற எடை மிகக் குறைந்திருத்தல், 65 வயதைக் கடந்திருத்தல், நுரையீரலில் குழி இருத்தல், இரத்தத்தில் ஈ.எஸ்.ஆர். அளவு உயர்ந்திருத்தல், ஆணாக இருத்தல். இவ்வைந்தையும் ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். வயதையும் பாலினத்தையும் மாற்ற இயலாது. குழியையும் ஈ.எஸ்.ஆர். அளவையும் மருத்துவர் மருந்தின் வழியே எதிர்கொள்ள வேண்டும். வீட்டின் சமையலறை நேரடியாகத் தொடக்கூடியது எடை ஒன்றே.

எடை குறைந்ததால் நோய் முற்றியதா, நோய் முற்றியதால் எடை குறைந்ததா என்ற ஐயம் மருத்துவ உலகில் உண்டு, இரண்டுமே உண்மையாகலாம். எவ்வாறாயினும், மெலிந்துகொண்டே போகும் நோயாளரின் எடை ஓர் எச்சரிக்கை மணி. 160 சென்டிமீட்டர் உயரமுள்ளவர் ஏறத்தாழ 47 கிலோவுக்கும், 170 சென்டிமீட்டர் உயரமுள்ளவர் ஏறத்தாழ 53 கிலோவுக்கும் கீழே இறங்கினால் அவ்வெல்லையைத் தாண்டிவிட்டார் என்று கொள்ளலாம். விலையுயர்ந்த சத்துமாவு டப்பாக்கள் தேவையில்லை. முட்டை, நிலக்கடலை, கொள்ளு, பாசிப்பயறு, தயிர், இயன்றால் மீன் என்பனவே போதும். அரிசியும் பருப்பும் சேர்த்துச் சமைப்பது கொங்கு வீடுகளுக்குப் புதிதன்று. அதில் பருப்பின் பங்கைக் கூட்டி நெய் சேர்ப்பதும் மருந்தே. சர்க்கரை நோயோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டு அளவை முடிவு செய்ய வேண்டும்.

இருமல் நின்ற நாள் முடிவு நாள் அன்று

ஏவியம் தொகுதி நோய்க்கு மூன்று மருந்துகள் சேர்த்துத் தரப்படுகின்றன: அசித்ரோமைசின் அல்லது கிளாரித்ரோமைசின், எத்தாம்புடால், ரிஃபாம்பிசின். சளியில் கிருமி வளர்வது நின்ற பிறகு, அந்நாளிலிருந்து மேலும் 12 மாதங்கள் மருந்தைத் தொடர வேண்டும் என்பதே நெறிமுறை. ஆகவே “எத்தனை மாதம்” என்ற கேள்விக்கு முதல் நாளில் யாராலும் சரியான விடை சொல்ல முடியாது. கடிகாரம் ஓடத் தொடங்குவதே கல்ச்சர் தூய்மையான பின்னர்தான். பலருக்கு மொத்தம் ஒன்றரை ஆண்டு ஆகிறது.

இடர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மூன்றாம் அல்லது நான்காம் மாதத்தில் இருமல் தணிகிறது, பசி எடுக்கிறது, ஒன்றரை ஷிப்ட் ஓட்ட உடலில் தெம்பு வருகிறது. அப்போது மாத்திரை வேண்டாத செலவாகத் தோன்றுகிறது. அல்லது, மூன்றில் ஒன்று வயிற்றைப் புரட்டுகிறது என்று அதை மட்டும் விட்டுவிடத் தோன்றுகிறது. பின்னது முன்னதைவிடக் கொடியது. அசித்ரோமைசினைத் தனியே உட்கொண்டால் கிருமி அதனை எதிர்க்கக் கற்றுக்கொள்ளும். அவ்வெதிர்ப்பு ஒருமுறை தோன்றிவிட்டால் குணமாகும் வாய்ப்பு வெகுவாகச் சரிகிறது. சளிக்கும் காய்ச்சலுக்கும் மருந்துக்கடையில் கேட்டு வாங்கி உண்ணும் அதே மாத்திரைதான் இது என்பதை நினைவில் கொள்ளுங்கள். எந்த மருந்து ஒவ்வாவிட்டாலும் அதைச் சொல்ல வேண்டிய இடம் மருத்துவமனை, தானே நிறுத்துவதற்குரியதன்று.

ஒவ்வாமைகளுள் இரண்டைக் குடும்பத்தார் கவனிக்கலாம். எத்தாம்புடால் சிலருக்குக் கண் நரம்பைத் தாக்கும். சிவப்புக்கும் பச்சைக்கும் வேறுபாடு மங்குவது அதன் தொடக்க அடையாளங்களுள் ஒன்று. சாயப்பட்டறையில் நிறம் ஒப்பிடுபவரும், செக்கிங் பிரிவில் துணி பார்ப்பவரும் இதனை மற்றவர்களுக்கு முன்பே உணர்ந்துவிடக் கூடும். “ஷேடு சரியாத் தெரியலீங்க” என்று அவர் சொன்னால் கண்ணாடி மாற்றும் யோசனைக்கு முன்னர் மருத்துவரிடம் அழைத்து வாருங்கள். அமிக்காசின் ஊசி போடப்படுபவர்களுக்குக் காதில் இரைச்சலோ செவித்திறன் குறைவோ தோன்றலாம். அதையும் உடனே தெரிவிக்க வேண்டும். ரிஃபாம்பிசினால் சிறுநீர் செந்நிறமாவதற்கு அஞ்ச வேண்டாம். ஆனால் அம்மருந்து கருத்தடை மாத்திரை, சர்க்கரை நோய் மாத்திரைகள் சில, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை ஆகியவற்றின் வேகத்தைக் குறைக்கும். ஆகவே நீங்கள் உண்ணும் எல்லா மருந்துகளின் பட்டியலையும் மருத்துவரிடம் காட்டுவது இன்றியமையாதது.

இதற்கு மாறான கருத்தும் உண்டு. அதில் நியாயமும் உண்டு. எல்லோருக்கும் மருந்து தேவையில்லை. குழி இல்லாமல், சிறு முடிச்சுகளும் மூச்சுக்குழாய் விரிவும் மட்டும் உள்ள முதியவர் ஒருவர் எடை குறையாமல் நலமாக இருந்தால், மருந்தின் தொல்லை நோயின் தொல்லையைவிட மிகுதியாகலாம். சிலருக்கு மருந்தின்றியே சளியிலிருந்து கிருமி மறைவதும் உண்டு. அத்தகையோரிடம் “இப்போது மருந்து வேண்டாம், கவனிப்போம்” என்று மருத்துவர் சொல்வது கைவிடுதல் ஆகாது. ஆனால் அச்சொல்லில் “கவனிப்போம்” என்பதே உயிரான பகுதி. சில மாதங்களுக்கு ஒருமுறை வந்து சளியும் எடையும் படமும் பார்க்கப்படாவிட்டால், காத்திருத்தல் வெறும் மறதியாகிவிடும். மாறாக, நுரையீரலில் குழி இருப்பவர் காத்திருக்கக் கூடாது.

மருந்து முடிந்த பின்னரும் நோய் மீளலாம். ஏவியம் நோயில் அவ்வாறு மீள்பவற்றுள் பெரும்பாலானவை பழைய கிருமி விழித்தெழுந்தவை அல்ல. சுற்றுப்புறத்திலிருந்து புதிதாக வந்த தொற்று என்று கிருமிகளின் மரபணுவை ஒப்பிட்ட ஆய்வுகள் காட்டியுள்ளன. எனவே மறுபடியும் நோய் வந்தால் நோயாளர் சரியாக மருந்துண்ணவில்லை என்று வீட்டில் பழி சொல்லாதீர்கள். இயன்ற காப்புகளைச் செய்யலாம். மூச்சில் மருந்து இழுக்கும் நெபுலைசர் கருவியைக் கொதிக்க வைத்து ஆற்றிய நீரால் கழுவி உலர்த்துங்கள். நீர்த்தொட்டியை மூடி வையுங்கள், காலந்தவறாமல் கழுவுங்கள். ஷவரைவிட வாளியில் மொண்டு குளிப்பது நீராவித் துளிகளைக் குறைக்கும். தொட்டிச் செடிக்கு மண் கலக்கும்போது மண்ணை முதலில் நனைத்து, முகக்கவசம் அணியுங்கள். இதற்கு மேல் நீரைக் கண்டே அஞ்சி வாழ வேண்டியதில்லை. இவற்றையெல்லாம்விட நாள்தோறும் செய்யும் மூச்சுப் பயிற்சியும் சளியை வெளியேற்றும் பயிற்சியும் முதன்மையானவை. தேங்கிய சளியே கிருமியின் இருப்பிடம்.

தொடர்தல் யாருடைய பொறுப்பு?

நோயாளருக்குரிய கடமைகளை இவ்வளவு அடுக்கிய பின்னர், மற்றவர்களுக்குரியதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு மருத்துவமனைக்கு வரும் ஒவ்வொரு நாளும் கூலியற்ற நாள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர் தீபாவளிக்கோ சத் பூசைக்கோ ஊருக்குப் போனால், வேறு கம்பெனிக்கு, சிலபோது வேறு ஊருக்கே திரும்புகிறார். அவருடைய கல்ச்சர் அறிக்கை இங்கேயே தங்கிவிடுகிறது. தொலைபேசி எண் மாறிவிடுகிறது. இவர்களைப் பார்த்து “தொடர்ந்து வாருங்கள்” என்று மட்டும் சொல்வது போதாது.

காசநோயாளராகப் பதிவானவருக்கு அரசு மருந்தை இலவசமாகத் தருகிறது. நிக்ஷய் திட்டத்தின்கீழ் ஊட்டச்சத்துக்கு 2018 முதல் மாதம் 500 ரூபாயும், 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயும் வழங்குகிறது. 2022இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம், நோய் கண்டறியப்பட்டவுடனேயே மிக மெலிந்தவர்களையும் மூச்சுத்திணறல் உள்ளவர்களையும் இனங்கண்டு மருத்துவமனையில் சேர்க்கிறது. இவை பாராட்டுக்குரியவை. ஆனால், சோதனையில் “காசநோய் இல்லை, என்.டி.எம்.” என்று தெரிந்த கணத்தில் நோயாளர் இந்த ஏற்பாடுகளுக்கு வெளியே நிற்கிறார். அதே இருமல், அதே மெலிவு, அதைவிட நீண்ட மருந்து. ஆனால் பதிவேடும் இல்லை, உதவித்தொகையும் இல்லை. எண்ணிக்கையில் குறைந்தவர்கள் என்பதனால் இவர்களை அவ்வாறு விடுவது முறையாகாது. காசநோய்ப் பணியாளர்கள் ஏற்கெனவே வீடுவீடாகச் செல்கிறார்கள். அவர்களுடைய பட்டியலிலேயே இவர்களுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, எடையையும் சளியையும் ஐந்தாண்டுகள் தொடர்ந்து பதிவு செய்ய வேண்டும் என்பது என் கோரிக்கை.

அவ்வாறு தொடர்வது நம் மாநிலத்திற்கு இயலாததன்று. 1956இல் சென்னையில் நிறுவப்பட்ட காசநோய் மருத்துவ ஆய்வு மையம், காசநோயாளர்களைச் சானடோரியத்தில் வைக்காமல் வீட்டிலேயே மருந்து கொடுத்தாலும் பலன் ஏறத்தாழ ஒன்றே என்பதை 1959இல் உலகுக்குக் காட்டியது. அதற்காக அம்மையத்தினர் நோயாளரை மட்டுமன்றி அவர்தம் வீட்டாரையும் ஐந்தாண்டுகள் பின்தொடர்ந்தனர். செங்கல்பட்டு ஆய்வு பதினைந்தாண்டுகள் மக்களைத் தொடர்ந்தது. கணினியும் கைப்பேசியும் இல்லாத காலத்தில் செய்து காட்டப்பட்டது அது. ஜப்பானும் கொரியாவும் தம் நோயாளர்களைப் பற்றி எண்களோடு பேச முடிவதற்குக் காரணம், அவர்களை விடாது பின்தொடர்ந்ததே. பழைய காசநோய்த் தழும்போடு பஞ்சுத் தூசியில் உழைக்கும் திருப்பூர்த் தொழிலாளியின் பத்தாண்டு எப்படி அமையும் என்பதை அந்நாட்டு எண்கள் சொல்லிவிட முடியாது. நம் கணக்கை நாமே எழுத வேண்டும்.

தொழிலாளர் அரசுக் காப்பீடாகிய ஈ.எஸ்.ஐ. உள்ளவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். வழக்கமான நோய்க்கால உதவி ஆண்டுக்கு 91 நாட்கள் வரை, கூலியின் 70 விழுக்காடு. பட்டியலிடப்பட்ட நீண்டகால நோய்களுக்கு 80 விழுக்காடு வீதம் இரண்டாண்டுகள் வரை நீட்டிக்கப்பட்ட உதவி உண்டு. அதற்குப் பணிக்காலம், சந்தா நாட்கள் பற்றிய நிபந்தனைகள் உள்ளன. காசநோயும் பிராங்கியெக்டேசிசும் அப்பட்டியலில் உள்ளன. உங்கள் சி.டி. அறிக்கையில் மூச்சுக்குழாய் விரிவு குறிப்பிடப்பட்டிருந்தால், ஈ.எஸ்.ஐ. மருத்துவரிடம் இதுபற்றிக் கேளுங்கள். என்.டி.எம். நோயும் தன் பெயரிலேயே அப்பட்டியலில் இடம்பெற வேண்டும். கம்பெனி நடத்துவோர் செய்யக்கூடியது எளிது: நுரையீரல் பழுதுபட்ட தொழிலாளியைப் பஞ்சு பறக்கும் இடத்திலிருந்து தூசி குறைந்த பிரிவுக்கு மாற்றுங்கள், மருத்துவமனை நாளுக்கு அவரை வேலையிலிருந்து நீக்கிவிடாதீர்கள். பழகிய கையை இழப்பதைவிட அது மலிவு.

மருத்துவமனைகளாகிய எங்கள் பங்கும் உண்டு. வெளியூர் செல்பவருக்கு கிருமியின் இனப்பெயர், மருந்துகளின் பட்டியல், கல்ச்சர் தூய்மையான தேதி ஆகிய மூன்றையும் ஒரே தாளில், அவர் படிக்கக்கூடிய மொழியில் எழுதித் தருவது எங்கள் கடமை. தரப்படாவிட்டால் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் உரிமை.

இதனைப் படிக்கும் நோயாளர்களும் குடும்பத்தாரும் இவ்வாரமே தொடங்கக்கூடிய பணி ஒன்று உண்டு. நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்றை வாங்கி, மாதந்தோறும் ஒரே தராசில் பார்த்த எடை, சளியின் அளவும் நிறமும், மூச்சிரைக்காமல் நடக்க முடிந்த தூரம், தவறிய மாத்திரைகளின் எண்ணிக்கை, கண்ணிலோ காதிலோ தோன்றிய மாற்றம் ஆகிய ஐந்தையும் எழுதி வாருங்கள். படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களிடம் அப்பொறுப்பைக் கொடுங்கள். அடுத்த முறை வரும்போது அந்நோட்டை எடுத்து வந்து மேசைமேல் வையுங்கள். “இன்னும் எத்தனை மாசங்க?” என்ற கேள்விக்கு, அதைப் பார்த்துத்தான் உங்கள் மருத்துவரால் உண்மையான விடை சொல்ல முடியும்.